இரவு 11.23: 'சிக்னல்' தொடரும் ஹ்வாசோங் கொலைகளும்

ஒரு சினிமா தியேட்டர். திரையில் ஏதோ நகைச்சுவைப் படம் ஓடுகிறது. சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நடுவில் ஓர் இளம் போலீஸ்காரர் மட்டும் தேம்பித் தேம்பி அழுகிறார். அவர் மனதுக்குள் விரும்பிய பெண் அவருக்காக எடுத்து வைத்திருந்த டிக்கெட் அது. அந்தப் பெண் இப்போது இல்லை. ஊரையே நடுங்க வைத்த கொலைகாரனின் கையில் சிக்கி இறந்துவிட்டாள்.

'சிக்னல்' தொடரைப் பார்த்த யாரிடம் கேட்டாலும் முதலில் இந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். தென் கொரியாவின் டிவிஎன் தொலைக்காட்சியில் 2016 ஜனவரி 22 முதல் மார்ச் 12 வரை 16 எபிசோடுகளாக வந்த தொடர். எழுதியவர் கிம் உன்-ஹீ, இயக்கியவர் கிம் வோன்-சோக். கொரியத் திரைத்துறையின் பெரிய விருதுகளான பேக்சாங் விருதுகளில் அந்த ஆண்டு சிறந்த தொடர், சிறந்த திரைக்கதை, சிறந்த நடிகை மூன்றையும் அள்ளியது. பிறகு ஜப்பானில் ரீமேக் ஆனது. 2024-இல் 'கியாரா கியாரா' என்ற பெயரில் இந்தியிலும் வந்தது.

கதை இதுதான். 2015-இல் இருக்கும் பார்க் ஹே-யங் என்ற இளம் அதிகாரியின் கையில் பேட்டரிகூட இல்லாத ஒரு பழைய வாக்கி-டாக்கி கிடைக்கிறது. இரவு 11.23 ஆனால் அது உயிர் பெறும். மறுமுனையில் பேசுகிறவர் லீ ஜே-ஹான். பல ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் இருந்துகொண்டு பேசும் ஒரு துப்பறியும் காவலர். இவர் அங்கே நடக்கப்போவதைச் சொல்ல, அவர் இங்கே கிடைக்காத துப்புகளைத் தேட, முடியாமல் கிடந்த வழக்குகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. ஆனால் கடந்த காலத்தில் கைவைத்தால் நிகழ்காலமும் மாறும். ஓர் உயிரைக் காப்பாற்றினால் இன்னொரு உயிர் போகும்.

இந்தத் தொடரில் வரும் 'கியோங்கி தெற்குத் தொடர் கொலைகள்' என்ற பகுதி முழுக்க முழுக்கக் கற்பனையாகப் பிறந்ததல்ல. கொரியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்த ஹ்வாசோங் கொலைகள்தான் அதன் அடி. தொடர் ஒளிபரப்பானபோது அந்த வழக்கில் குற்றவாளி யார் என்று யாருக்கும் தெரியாது. மூன்றே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு தொடரைத் திரும்பப் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது கொலைகாரன் எப்போது பிடிபடுவான் என்று காத்திருந்தேன். இரண்டாம் முறை என் கண் போலீஸ்காரர்கள் மேலேயே இருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மை வழக்கு.

சியோலுக்குத் தெற்கே, கியோங்கி மாகாணத்தில் இருக்கிறது ஹ்வாசோங். இன்று அது 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் நெருக்கியடிக்கும் இடம். 1986-இல் அப்படி இல்லை. தேயான் என்ற சிற்றூரைச் சுற்றி நெல்வயல்கள், வரப்புகள், வாய்க்கால்கள், தெருவிளக்கு இல்லாத மண்பாதைகள். வேலைக்குப் போன பெண்களும் பள்ளிக்குப் போன பிள்ளைகளும் பேருந்தில் வந்து இறங்கி, இருட்டில் வயல் நடுவே நடந்துதான் வீடு போய்ச் சேர வேண்டும்.

1986 செப்டம்பர் 15 முதல் 1991 ஏப்ரல் 3 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். முதலில் இறந்தவர் 71 வயதுப் பாட்டி. பலியானவர்களில் பள்ளிச் சிறுமிகளும் உண்டு. பெரும்பாலும் ஒரே விதம்: வன்கொடுமை, பிறகு அவர்கள் உடுத்தியிருந்த துணியாலேயே கட்டிப்போட்டுக் கழுத்தை நெரித்தல். விவரங்களுக்குள் இதற்கு மேல் போக விரும்பவில்லை. இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கேதான் அதிக நேரம் நின்றிருக்கிறார்கள், அதனால் இறந்தவர்களுக்கு எந்தப் பயனும் விளையவில்லை.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் உடல் கிடைத்தது 1986 செப்டம்பர் 19. மறுநாள் சியோலில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்குகிறது. ஐந்தாவது கொலை 1987 ஜனவரி 10. நான்கு நாள் கழித்து சியோலில் பார்க் ஜோங்-சொல் என்ற மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறக்கிறார். அந்தச் சாவுதான் அந்த ஆண்டு ஜூனில் சர்வாதிகாரத்துக்கு எதிராக நாடே தெருவுக்கு வரக் காரணமானது. எட்டாவது கொலை 1988 செப்டம்பர் 16. அடுத்த நாள் சியோல் ஒலிம்பிக் தொடக்க விழா.

உலகத்துக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளத் துடித்த ஒரு நாடு. சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி. ஆர்ப்பாட்டக்காரர்களை அடக்கவும் மாணவர்களைப் பிடித்து விசாரிக்கவும் பழக்கப்பட்டிருந்த காவல்துறை. சந்தேகப்பட்டவரை அடித்தால் ஒத்துக்கொள்வார், ஒத்துக்கொண்டால் வழக்கு முடிந்தது என்பதே அன்றைய வேலைமுறை. இப்படிப்பட்ட காவல்துறையின் கையில்தான் ஹ்வாசோங் வழக்கு விழுந்தது.

முயற்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட மனித நாட்கள் செலவழிந்தன. 21,000-க்கும் அதிகமானவர்கள் விசாரிக்கப்பட்டார்கள். 40,000 பேரின் கைரேகைகள் ஒப்பிடப்பட்டன. வயல்வெளியில் சாதாரண உடையில் போலீஸ் காத்துக் கிடந்தது. சிவப்பு உடை அணிந்தவர்களைத்தான் அவன் தாக்குகிறான், மழை நாளில்தான் வருகிறான் என்று ஊரில் பேச்சு பரவ, பெண் காவலர்கள் சிவப்பு உடுத்தி நடமாடிக்கூடப் பார்த்தார்கள். அந்தப் பேச்சில் பாதிக்கு மேல் உண்மை இல்லை. ஆனாலும் பெண்கள் அலமாரியிலிருந்து சிவப்புத் துணியை எடுப்பதை நிறுத்தினார்கள்.

இந்த வழக்கின் படங்களில் என்னால் மறக்க முடியாதது ஒன்று உண்டு. கொலை நடந்த இடத்தருகே ஒரு வைக்கோல் பொம்மை நிறுத்தப்பட்டிருக்கும். நம்மூரில் சோளக்கொல்லையில் வைப்பது போன்றதுதான். அதன் மேல், நீ வந்து சரணடையாவிட்டால் கைகால் அழுகிச் சாவாய் என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார்கள். சாபம் விடுவது ஒன்றே மிச்சம் என்ற நிலைக்கு விசாரணை வந்து சேர்ந்திருந்தது.

எங்கே தவறியது? பல இடங்களில். ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிடைத்த மாதிரிகளை வைத்து, கொலைகாரனின் ரத்த வகை 'பி' என்று போலீஸ் முடிவுகட்டியது. அன்றைக்கு இருந்த வசதிக்கு, திறந்தவெளியில் மழையிலும் பனியிலும் கிடந்த, பாதிக்கப்பட்டவரின் உடல் திரவமும் கலந்திருக்கக்கூடிய மாதிரியிலிருந்து ரத்த வகையைச் சரியாகச் சொல்வது எளிதல்ல. ஆனால் 'பி' என்று கோப்பில் ஏறிய பிறகு அது சல்லடையாகிவிட்டது. யாரைப் பிடித்தாலும் ரத்த வகை பார், 'பி' இல்லையா, விட்டுவிடு. 21,000 பேரையும் இந்தச் சல்லடையில்தான் சலித்தார்கள். சல்லடையே தப்பு என்றால் எத்தனை ஆயிரம் பேரைச் சலித்தும் என்ன பயன்?

மரபணுச் சோதனை அப்போது கொரியாவில் இல்லை. 1990-இல் நடந்த ஒன்பதாவது கொலையில் கிடைத்த மாதிரி ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் 19 வயது இளைஞர் ஒருவரைப் பிடித்து, அவர் வாயாலேயே ஒப்புதலும் வாங்கியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த முடிவு அவருடன் பொருந்தவில்லை. ஒரு சோதனைத் தாள் அவரைக் காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்ற எதுவும் இல்லாதவர்களும் இருந்தார்கள். விசாரணைக்கு இழுக்கப்பட்டவர்களில் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். தொடரைப் புரிந்துகொள்ள இது அவசியம்.

நம் நாட்டில் கொலை வழக்குக்குக் காலக்கெடு கிடையாது. 40 ஆண்டு கழித்துத் துப்பு கிடைத்தாலும் வழக்கு நடத்தலாம். கொரியாவில் அப்போது அப்படியில்லை. கொலை நடந்து 15 ஆண்டுக்குள் குற்றவாளி மீது வழக்குத் தொடராவிட்டால், அதன் பிறகு அவன் வந்து நானே செய்தேன் என்று நின்றாலும் தண்டிக்க முடியாது. ஹ்வாசோங்கின் கடைசிக் கொலைக்கான கெடு 2006 ஏப்ரல் 2-ஆம் தேதி நள்ளிரவோடு முடிந்தது. 2007-இல் கெடுவை 25 ஆண்டாக நீட்டினார்கள். பழைய குற்றங்களுக்கு அது செல்லாது.

2015-இல்தான் கொலைக்கான காலக்கெடு அறவே நீக்கப்பட்டது. தேகு நகரில் 1999-இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் மீது யாரோ அமிலம் ஊற்றினார்கள், அவன் இறந்துபோனான். அவன் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் போராடிக் கொண்டுவந்த மாற்றம் அது. கொரியர்கள் அந்தச் சட்டத்தை அந்தப் பிள்ளையின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆனால் சட்டம் வருவதற்குள் அவன் வழக்கின் கெடு முடிந்துவிட்டது. 2000 ஆகஸ்ட் முதல் நடந்த கொலைகளுக்குத்தான் அது பொருந்தும். தங்கள் பிள்ளைக்குக் கிடைக்காததை அந்தத் தாயும் தகப்பனும் ஊரார் பிள்ளைகளுக்குப் பெற்றுக்கொடுத்தார்கள்.

'சிக்னல்' தொடரின் முதல் வழக்கு ஒரு சிறுமியின் கடத்தல். அது நடப்பதாகக் காட்டப்படுவது 2000 ஜூலை கடைசியில். ஏன் அந்தத் தேதி என்று இப்போது புரிகிறதா? நிஜச் சட்டத்தின் கோடு விழுந்த இடத்துக்கு ஒட்டி, சட்டம் எட்டாத பக்கமாக வழக்கை வைத்திருக்கிறார் எழுத்தாளர். கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது விசாரணை அறையின் கடிகாரத்தை கேமரா காட்டிக்கொண்டே இருக்கும். கொரியப் பார்வையாளருக்கு அந்தக் கடிகாரம் வெறும் பரபரப்புக்கான உத்தி அல்ல. 2006-லும் அதன் பிறகும் அவர்கள் செய்தித்தாளில் வாசித்துக் கொதித்த கடிகாரம்.

தொடர் அதோடு நிற்கவில்லை. அந்த வழக்கின் தாக்கத்தால் சட்டம் மாறுகிறது, பழைய வழக்குகளுக்கென்று ஒரு குழு அமைகிறது. அந்தக் குழுவின் தலைவராகத்தான் கிம் ஹ்யே-சூ நடித்த சா சூ-ஹ்யுன் வருகிறார். அப்புறம் அவர்கள் கையில் எடுக்கும் முதல் பெரிய வழக்கு கியோங்கி தெற்குக் கொலைகள்.

இங்கே எழுத்தாளர் உண்மையிலிருந்து எடுத்துக்கொண்டவை நிறைய. வயல்வெளி, கட்டும் முறை, திணறும் உள்ளூர் போலீஸ், பேருந்து. ஏழாவது கொலைக்குப் பிறகு, 1988 செப்டம்பரில், இரவுப் பேருந்தில் ஏறிய ஓர் இளைஞனை ஓட்டுநரும் நடத்துநரான பெண்ணும் பார்த்திருந்தார்கள். கொரியர்கள் சுவரொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் பார்த்த அந்த வரைபடம் அவர்கள் சொன்ன அடையாளத்தை வைத்து வரைந்ததுதான். தொடர் இந்தப் பேருந்தை எடுத்து, வேறு ஒரு கதையை அதில் ஏற்றியது. அங்கே ஓட்டுநர் உண்மையை மறைக்கிறார், கொலைகாரனான தன் மகனைக் காப்பாற்ற. நிஜத்தில் சாட்சி சொல்ல முன்வந்தவரின் இடத்தில் கதையில் ஒரு குற்றவாளியின் தகப்பன். இது எழுத்தாளருக்கு இருக்கும் உரிமைதான். ஆனாலும் உண்மையில் அந்த இருக்கையில் இருந்தவர் உதவி செய்தவர் என்பதையும் பார்க்கிறவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

தொடரின் மையத்தில் இருப்பது ஓர் ஏக்கம். அன்றைக்கு ஒரே ஒரு நேர்மையான, விடாப்பிடியான போலீஸ்காரர் இருந்து, அவருக்கு ஒரு சொல் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருந்தால்? சோ ஜின்-வூங் நடித்த லீ ஜே-ஹான் அந்த ஏக்கத்துக்குக் கொடுத்த உடம்பு. மேலதிகாரிக்கு அடங்காதவர், லஞ்சம் வாங்காதவர், இறந்தவர்களின் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நிற்பவர். 2016-இல் கொரியா இந்தத் தொடரைக் கொண்டாடியதற்கு, கேபிள் தொலைக்காட்சிக்கு அரிதான 12 சதவீதத்தைத் தாண்டிப் பார்வையாளர் வந்ததற்கு, வாக்கி-டாக்கி மாயத்தைவிட இந்த மனிதர்தான் காரணம் என்று நினைக்கிறேன். இப்படி ஒருவர் அன்று இருந்திருக்க வேண்டுமே என்று எல்லாருக்கும் தோன்றியது.

பிறகு 2019 செப்டம்பர் 18.

கியோங்கி தெற்குக் காவல்துறையின் பழைய வழக்குகள் குழு, ஹ்வாசோங்கில் இறந்த பெண்களின் உடைமைகளை அந்த ஆண்டு ஜூலையில் தேசியத் தடயவியல் நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தது. தண்டிக்க முடியாத வழக்கு. கெடு முடிந்து 13 ஆண்டு. இருந்தும் அந்தத் துணிகளை யாரும் தூக்கி எறிந்திருக்கவில்லை. ஐந்தாவது, ஏழாவது, ஒன்பதாவது கொலைகளின் பொருட்களில் கிடைத்த மரபணு, சிறைக் கைதிகளின் மரபணுப் பதிவில் இருந்த ஒருவருடன் பொருந்தியது. லீ சுன்-ஜே, வயது 56. புசான் சிறையில் ஆயுள் கைதி. சியோங்ஜு நகரில் 1994 ஜனவரியில் மனைவியின் தங்கையைக் கொன்றதற்காக உள்ளே போனவர்.

கொரியாவில் கைதிகளின் மரபணுவைப் பதிந்து வைக்கும் சட்டம் 2010-இல் வந்தது. லீயின் மரபணு 2011-இல் பதிவானது. ஒரு பக்கம் கிடங்கில் துணி, இன்னொரு பக்கம் கணினியில் அவருடைய அடையாளம். இரண்டும் சந்திக்க 8 ஆண்டு ஆனது. தொடர் வந்த 2016-லும் இரண்டும் இருந்தன. இறந்த காலத்திலிருந்து உண்மையாகவே ஒரு குரல் வந்தது என்றால் அது இந்தத் துணிகளிலிருந்துதான் வந்தது. அட்டைப்பெட்டியில் மடித்து வைத்து, எண் எழுதி, முப்பது ஆண்டு யாரோ காத்து வந்த துணிகள்.

அக்டோபர் தொடக்கத்தில் லீ ஒத்துக்கொண்டார். 14 கொலைகள். அதற்கு மேல் 30-க்கும் மேற்பட்ட பாலியல் தாக்குதல்கள். 2020 ஜூலையில் போலீஸ் வெளியிட்ட இறுதி அறிக்கை 14 கொலைகளையும் உறுதிசெய்தது. ஒன்றுக்குக்கூட அவர் மீது வழக்குப் போட முடியாது.

அப்புறம் வெளிவந்ததுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. லீ எங்கிருந்தோ வந்த மாயாவி இல்லை. தேயானிலேயே பிறந்து வளர்ந்தவர், கொலைகள் நடந்த இடங்களுக்கு அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர். ராணுவத்திலிருந்து 1986 ஜனவரியில் திரும்பியிருந்தார். அந்தக் காலத்தில் போலீஸ் அவரை மூன்று முறை விசாரித்திருக்கிறது. ஏன் விட்டார்கள்? கால்தடம் பொருந்தவில்லை. ரத்த வகை 'பி' இல்லை, 'ஓ'. சல்லடை வேலை செய்தது.

2020 நவம்பர் 2-ஆம் தேதி சுவோன் நீதிமன்றத்தில் அவர் சாட்சியாக வந்து நின்றார். ஏன் பிடிபடாமல் போனேன் என்று தனக்கே விளங்கவில்லை என்றார். எதையும் பெரிதாக மறைக்க முயலவில்லையாம். போலீஸ்காரர்கள் அடிக்கடி எதிரே வருவார்களாம், அக்கம்பக்கத்தவர்களைப் பற்றித்தான் கேட்பார்களாம். இறந்தவர் ஒருவரின் கைக்கடிகாரம் தன்னிடம் இருந்தபோதே ஒருமுறை நிறுத்தி விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். இந்த வழக்கை வைத்து 2003-இல் போங் ஜூன்-ஹோ எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தைச் சிறையில் பார்த்திருக்கிறார். ஒரு படமாகப் பார்த்தேன், எதுவும் தோன்றவில்லை என்றார். கொலைகாரன் எங்கோ உட்கார்ந்து பார்ப்பான், அவன் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தப் படத்தின் கடைசி ஷாட்டை இயக்குநர் வைத்திருந்தார்.

அன்றைக்கு லீ எதற்காகச் சாட்சி சொல்ல வந்தார்? எட்டாவது கொலைக்காக.

அந்த ஒரு கொலை மட்டும் ஹ்வாசோங் பட்டியலில் எப்போதும் தனியாக நின்றது. 13 வயதுச் சிறுமி தன் வீட்டு அறையில் இறந்துகிடந்தாள். மற்றவை வயல்வெளியில் நடந்தவை, இது வீட்டுக்குள். அதனால் மற்ற கொலைகளைப் பார்த்து வேறு யாரோ செய்தது, தனி வழக்கு என்று வைத்தார்கள். 1989 ஜூலையில் ஒருவரைக் கைதும் செய்தார்கள். பெயர் யூன் என்று வைத்துக்கொள்வோம், கொரியச் செய்தித்தாள்களும் முதலில் குடும்பப் பெயரை மட்டுமே போட்டன. வயது 22. விவசாய எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் பாதிக்கப்பட்டவர். தாங்கித் தாங்கி நடப்பவர்.

தூங்கவிடாமல் வைத்து அடித்து ஒப்புதல் வாங்கினார்கள். சிறுமியின் வீட்டுச் சுவரை அவர் ஏறிக் குதித்ததாக எழுதினார்கள். கால் ஊனமான ஒருவர் அந்தச் சுவரை எப்படி ஏறுவார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஏனென்றால் அரசுத் தரப்பிடம் 'அறிவியல்' இருந்தது. சம்பவ இடத்தில் கிடைத்த முடியையும் அவருடைய முடியையும் கதிரியக்க முறையில் ஆராய்ந்து, அவற்றிலுள்ள உலோகத் தனிமங்களின் அளவு ஒத்துப்போகிறது என்று அறிக்கை கொடுத்தார்கள். கொரிய நீதிமன்றத்தில் இந்த ஆய்வு முறை சான்றாக ஏற்கப்பட்டது அதுவே முதல்முறை. செய்தித்தாள்கள் அதை அறிவியல் விசாரணையின் வெற்றியாக எழுதின. ஆயுள் தண்டனை. பிறகு 20 ஆண்டாகக் குறைந்தது. 2009-இல் பரோலில் வெளியே வந்தபோது அவருக்கு 42 வயது.

அதே 1989 ஜூலை. அதே ஹ்வாசோங். ஏழாம் தேதி பள்ளிவிட்டு வந்த எட்டு வயதுக் குழந்தை ஒன்று காணாமல் போனது. அவளைக் கொன்றதும் லீதான் என்று முப்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது. யூனைப் பிடித்து உள்ளே வைத்த மாதம், உண்மைக் கொலைகாரன் வெளியே ஒரு குழந்தையைக் கொன்றிருக்கிறான். இதோடு முடியவில்லை. அந்தக் குழந்தையின் பொருட்களும் உடலின் மிச்சமும் அந்தக் குளிர்காலத்திலேயே போலீஸ் கண்ணில் பட்டிருக்கின்றன, அதைச் சில அதிகாரிகளே மறைத்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியானது. பெற்றவர்களுக்குப் பிள்ளை காணாமல் போனவளாகவே முப்பது ஆண்டு இருந்தாள். மறைத்தவர்கள் மீதும் வழக்குப் போட முடியவில்லை. அதற்கும் காலக்கெடு முடிந்திருந்தது.

'சிக்னல்' தொடரில் கியோங்கி கொலைகள் நடக்கும் ஆண்டு எது தெரியுமா? 1989. லீ ஜே-ஹான் இருட்டுச் சந்துகளில் மூச்சிரைக்க ஓடி, அடுத்த பெண்ணைக் காப்பாற்றத் துடிக்கும் ஆண்டு. திரையில் ஒரு போலீஸ்காரர் ஓடிய அதே ஆண்டில், நிஜத்தில் போலீஸ்காரர்கள் போலியோ பாதித்த ஓர் இளைஞரைத் தூங்கவிடாமல் அடித்துக்கொண்டும், ஒரு குழந்தையின் புத்தகப்பையை மறைத்துக்கொண்டும் இருந்தார்கள்.

எழுத்தாளர் கிம் உன்-ஹீயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2016-இல் இது வெளியே யாருக்கும் தெரியாது. காவல்துறைக்குள்ளே அழுகல் இருக்கிறது என்பதைத் தொடர் சொல்லாமலும் இல்லை. ஜே-ஹானின் முடிவுக்கே மேலதிகாரிகளின் ஊழல்தான் காரணம். செய்யாத குற்றத்தைச் சிறுவன் ஒருவன் தலையில் கட்டும் கதையும் பின்பகுதியில் வருகிறது, ஹே-யங்கின் அண்ணன் கதை. கதாசிரியர் ஏதோ ஓர் இடத்தில் உண்மையை மோப்பம் பிடித்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் தொடர் கொலைகளின் கதையில் மட்டும் அவரும் நம்மைப் போலவே கொலைகாரன் யார் என்ற கேள்வியின் பின்னால் போனார். சிறைக்குள்ளே தவறாக யாராவது இருக்கிறாரா என்ற கேள்வியை அங்கே அவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அந்தப் பத்தில் ஒன்று 'முடிந்த வழக்கு' என்று எல்லாப் பட்டியலிலும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தது. முடிந்தது என்று எழுதியிருந்தால் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

முடியாத கொலை வழக்கைத் தொடராக எடுக்கலாமா என்ற விவாதம் அடிக்கடி வருகிறது. எடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். ஹ்வாசோங்கை மறக்கவிடாமல் வைத்திருந்ததில் படங்களுக்கும் தொடர்களுக்கும் பங்கு உண்டு. 'சிக்னல்' வந்த பிறகு கொரியாவில் பழைய வழக்குகளைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு நடந்தது. ஆனால் எடுக்கிறவர்கள் கொலைகாரனைச் சுற்றி மர்மத்தை வளர்க்க வளர்க்க, அவன் அறிவாளியாக, பிடிபடாத பேயாக மாறிவிடுகிறான். நிஜத்தில் இருந்தவன் பக்கத்துத் தெருக்காரன். அவனைப் பேயாக்கியது கோப்பில் தவறாக எழுதிய ஓர் எழுத்து.

அந்த ஊர்க்காரர்களுக்கும் ஒரு குறை இருந்தது. முப்பது ஆண்டாக ஹ்வாசோங் என்றாலே கொலை என்றுதான் வெளியே நினைத்தார்கள். தேயானின் வயல்கள் போய் மாடிக் கட்டடங்கள் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி, 2019 டிசம்பரில் போலீஸ் வழக்கின் பெயரை மாற்றியது. இனி அது ஹ்வாசோங் கொலைகள் இல்லை, லீ சுன்-ஜே கொலைகள். இந்தக் கட்டுரையின் தலைப்பில் பழைய பெயரை வைத்திருக்கிறேன், தமிழில் தேடுகிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் தெரியும் என்பதால்.

யூன் மறுவிசாரணை கேட்டார். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காகவே வாதாடிப் பெயர் பெற்ற பார்க் ஜுன்-யங் அவருக்கு வழக்கறிஞராக நின்றார். சட்டவிரோதக் காவல், சித்திரவதை, தவறான முடி அறிக்கை என்று ஒவ்வொன்றாக உடைந்தது. முன்பு அவரைக் குற்றவாளி என்று நிறுத்திய அதே அரசுத் தரப்பே இம்முறை அவர் நிரபராதி என்று தீர்ப்பளிக்கக் கேட்டது. 2020 டிசம்பர் 17 அன்று சுவோன் மாவட்ட நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதித்துறையின் ஓர் அங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக நீதிபதி சொன்னார். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்னர் அரசு அவருக்கு 250 கோடி வொன்னுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது.

இருபத்திரண்டு வயதில் பட்டறையிலிருந்து கூட்டிப்போனார்கள். கைதட்டல் கேட்டபோது அவருக்கு 53.